காதுக்காரம்மா வாங்கிய கார்

காது கேட்கிறதா, எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் இருப்பாள். மற்ற நாட்களில், படுக்கையோடு இருப்பவர்கள், படி இறங்க முடியாதவர்கள் வீடுகளுக்கு அவளே கிளம்பிப் போவாள். கூட எடுத்துப் போவது ஒரு மடிக்கணினி, செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி, காதை மூடும் தடித்த ஹெட்ஃபோன், கையில் பிடித்து அமுக்க ஒரு பொத்தான். 'பீப்' என்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். நோயாளிகளுக்கு அவள் பெயர் தெரியாது. காதுக்காரம்மா என்பார்கள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருட சர்வீஸ். பணிமனையில் அவருக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அவர் வாசலில் நின்று "டீ சொல்லுப்பா" என்றால் உள்ளே கேன்டீனில் டம்ளர் கழுவுகிறவர் திரும்பிப் பார்ப்பார். குரலே அப்படி, மனிதர் தங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் டிவி போட்டால் மாடி வீட்டுக்காரர்களுக்குத் தனியாக டிவி தேவைப்படாது. மனைவி ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்ன பிறகுதான் "என்ன சொன்ன?" என்று கேட்பார். புருஷன் என்றால் இப்படித்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளுடைய பழைய கார் ஒரு நாள் சந்தைத் தெரு நடுவில் புகை கக்கிவிட்டு நின்றது. அதற்கு மேல் அதைச் சரிசெய்வது வீண் வேலை என்று மெக்கானிக்கே கையை விரித்துவிட்டார். அன்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மின்சாரக் கார் வாங்கப் போகிறேன் என்றாள்.

"என்னது, கரண்ட் காரா?" என்றார் கணவர். "வண்டின்னா உறுமணும்மா. இது என்னமோ செல்போனுக்குச் சக்கரம் வச்ச மாதிரி."

"உறுமி என்ன ஆகப் போகுதுங்க? நான் போறது வர்றது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். வீட்டுலயே சார்ஜ் போட்டுக்கலாம். ஆயில் மாத்த வேண்டாம், கிளட்ச் தேயாது."

"வழியில சார்ஜ் போச்சுன்னா? ஏதாவது ஒரு வீட்டுக் கதவத் தட்டி, ஒரு டம்ளர் கரண்ட் குடுங்கன்னு கேப்பியா?"

கல்லூரியில் படிக்கும் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த மாதமே வாங்கிவிட்டாள்.

கார் வந்த அன்று மூவரும் ஒரு சுற்றுப் போனார்கள். மகள் பின் ஸீட்டில் இருந்து, "மெதுவாப் போறப்ப கொசு பாடற மாதிரி கீ...ன்னு ஒரு சத்தம் வருதும்மா" என்றாள். நடந்து போகிறவர்களை எச்சரிக்க அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று அம்மா விளக்கினாள்.

"எங்கடி சத்தம்? கொசுவாவது பாடும். இது செத்த மாதிரி போகுது" என்றார் அப்பா.

அவர் மின்சாரக் காரைக் கிண்டல் செய்கிறார் என்று இருவரும் நினைத்தார்கள்.

முதல் மூன்று மாதம் காதுக்காரம்மா நன்றாகவே அவஸ்தைப்பட்டாள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவள் கார் நிற்கும் தூணில் ஒரு பிளக் வைக்க அனுமதி கேட்டால், குடியிருப்போர் சங்கச் செயலாளர், "இன்னிக்கு நீங்க கேப்பீங்க, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்று இழுத்தார். எல்லாரும் கேட்டால் எல்லாருக்கும் வைக்கலாமே என்று அவள் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. தனி மீட்டர், தனி ஒயர், எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்ட கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் வேறு சாக்கு அகப்படாமல் சரி என்றார். அதுவரை கடைவளாகத்துச் சார்ஜரே கதி. அங்கே காத்திருந்த நேரத்தில் தேவையில்லாத மூன்று போர்வைகளும் ஒரு குடையும் வாங்கிவிட்டாள்.

மலைப்பாதையில் இருந்த ஒரு தோட்ட வீட்டுக்குப் போன நாள்தான் மோசம். ஏறுகிற வழியில் பேட்டரி தண்ணீர் போல வடிந்தது. இறங்கும்போது கொஞ்சம் திரும்பி ஏறியது என்றாலும், சமவெளிக்கு வந்தபோது இன்னும் பதினாறு கிலோமீட்டர்தான் ஓடும் என்று திரை காட்டியது. அடுத்த சார்ஜர் பதினான்கு கிலோமீட்டரில். குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, உச்சி வெயிலில், சைக்கிள்காரர்கள் முந்திப் போக, உருட்டிக்கொண்டே போனாள். போய்ச் சேர்ந்தால் இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றில் ஒரு கார் நூறு சதவீதம் ஏறி முடிந்து, அதன் சொந்தக்காரர் வாய் திறந்தபடி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி எழுப்பினாள். பாவம், மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, தன்னிடமிருந்த ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து கணவரைக் கூப்பிட்டாள்.

"லேட் ஆகுங்க. சார்ஜ் போட்டுட்டு இருக்கேன்."

"என்ன? மார்ச்சா?"

"சார்ஜ்! சார்ஜ்!"

"சரி சரி, கத்தாத. நான்தான் அப்பவே சொன்னேனே!"

இவ்வளவுக்கும் அவளுக்கு அந்தக் காரைப் பிடித்துப்போயிற்று. காலையில் கிளம்பும்போது பேட்டரி நிறைந்திருக்கும். பெட்ரோல் பங்க் வரிசையை மறந்தே போனாள். சிக்னல் பச்சை விழுந்ததும் சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி முன்னால் பாயும். ஆனால் இதையெல்லாம் மிஞ்சிய ஒரு லாபத்தை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். கார் விற்றவருக்குக் கூட அது தெரியாது.

அவள் தொழிலின் பெரிய எதிரி சத்தம். வீடுகளில் சோதனை செய்வது பெரும் பாடு. மின்விசிறியை நிறுத்தினால் நோயாளிக்கு வியர்க்கும். ஜன்னலைச் சாத்தினால் பக்கத்து வீட்டு மிக்ஸி சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். 'பீப்' சத்தம் கேட்டதா, மிக்ஸி கேட்டதா என்று யாருக்குத் தெரியும்? மரம் அறுக்கும் பட்டறைக்காரர் ஒருவரைச் சோதிக்கப் போனபோது, அவர் வீட்டுக்குள்ளேயே பட்டறையின் இரைச்சல். இடுப்பு உடைந்து கம்பு ஊன்றி நடந்த அவரை மருத்துவமனைக்கு அவ்வளவு தூரம் அழைத்துப் போகவும் முடியாது.

"என் கார்ல உக்காருங்களேன்" என்றாள்.

காரைத் தெருக்கோடியில் மரநிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பத்து நிமிடம் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு, உள்ளே குளிர் நிறைந்ததும் அதை அணைத்தாள். கதவுகளை இறுகச் சாத்தினாள். இன்ஜின் இல்லாத வண்டி, அதிர்வும் இல்லை. பட்டறையின் இரைச்சல் எங்கோ போய்விட்டது. பட்டறைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்னம்மா, இப்படிக்கூட அமைதியா இருக்குமா உலகத்துல?"

சோதனை சுத்தமாக வந்தது. அதன் பிறகு எங்கே போனாலும் கார்தான் அவளுடைய சோதனை அறை. குளிர் குறைந்தால் இடையில் ஒரு முறை ஓடவிட்டுக்கொள்வாள். மருத்துவமனையில் டாக்டர் கூட ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நம்ம அறையை விட இது தேவலையே" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் காரை எடுத்தார். கிண்டல் செய்தாலும் ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தது. கீழ்த்தளத்தில் பின்னால் எடுத்தவர் நேராகப் போய்த் தூணில் இடித்தார். சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள். பின்புற பம்பர் உள்ளே போயிருந்தது.

"இருபத்தாறு வருஷமா பன்னெண்டு மீட்டர் பஸ்ஸ சந்துக்குள்ள பின்னால எடுக்கறேன். ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார் அவர். முகம் சிவந்திருந்தது. "பின்னால ஏதாவது இருந்தா சத்தம் குடுக்கும்னு சொன்னியே? ஒரு சத்தமும் வரல. அத நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

அவள் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தாள். சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று மறுநாளே சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த மெக்கானிக் பெண் காரில் ஏறி, பின்னால் எடுத்தாள். சுவரை நெருங்க நெருங்க 'பீப் பீப்' என்று விரைந்து, கடைசியில் ஒரே நீளமாகக் கீச்சிட்டது.

"நல்லாத்தானேம்மா இருக்கு" என்றாள் அவள், இறங்கி வந்து. "எனக்குக் காதே வலிச்சுது."

"நேத்து இடிச்சப்ப சத்தமே வரலைன்னு வீட்டுக்காரர் சொன்னாரு."

"இதுல எல்லாம் பதிவாகும்மா. பாருங்க, நேத்து காலையில சென்சார் வேலை செஞ்சிருக்கு. இடிக்கற வரைக்கும் கத்தியிருக்கு."

காதுக்காரம்மா அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொசு பாடுகிற சத்தம். மார்ச்சா என்று கேட்டது. டிவி. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்த ஒவ்வொரு வார்த்தையும். கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் முதலில் போகும் என்று வாரத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறவள் அவள். பழைய பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இன்ஜின். இருபத்தாறு வருடம், நாளுக்கு எட்டு மணி நேரம். ஊரில் உள்ளவர் காதையெல்லாம் பார்த்தவள், ஒரே வீட்டில் இருந்தவர் காதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மெக்கானிக் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று மாலை அவர் பணி முடிந்து வந்ததும், "ஏங்க, கொஞ்சம் கீழ வந்து கார்ல உக்காருங்க" என்றாள்.

பம்பருக்காகத் திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கி வந்தார். ஹெட்ஃபோனைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இதெல்லாம் எதுக்கு? எனக்கு நல்லா கேக்குது."

"கேக்குதுன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். உக்காருங்க."

அவர் முன் ஸீட்டில் உட்கார்ந்தார். அவள் கருவியோடு பின் ஸீட்டில். கீழ் ஸ்தாயிச் சத்தங்களுக்கு அவர் டக் டக்கென்று பொத்தானை அமுக்கினார். மேலே போகப் போகவும் அமுக்கினார். அவளுக்கு ஒரு நிமிடம் மனசு லேசானது. நாமே தப்பாக நினைத்துவிட்டோமோ? பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தால், முன்னால் தொங்கும் கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. பேருந்து ஓட்டுநர் கண்கள். அவள் விரல் கருவியில் அசைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அமுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் எட்டிக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இந்த முறை பொத்தான் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஏழு சத்தம் போன பிறகு அவர் சொன்னார்:

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

அவள் மீதிச் சத்தங்களையும் போட்டுப் பார்த்தாள். சோதனையை முடித்து, முன்னால் வந்து ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கோடு முதலில் சமமாக ஓடி, பாதியில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியது. இன்ஜின் பக்கத்துக் காது ரொம்ப மோசம். மற்றது கொஞ்சம் பரவாயில்லை.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

அவர் வெளியே தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு, மூணு வருஷம் இருக்கும். பெல் சத்தம் சில சமயம் கேக்காது. கண்டக்டர் பக்கத் தகரத்தத் தட்டுவான்ல, அந்த அதிர்வுல தெரிஞ்சுக்குவேன். கண்ணாடிய ரெட்டிப்பா பாப்பேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ காதுக்காரம்மாவாச்சே. உங்கிட்ட சொன்னா அது ரிப்போர்ட் ஆயிடும். ரிப்போர்ட் ஆனா வண்டிய விட்டு இறக்கி, டிக்கெட் எண்ணற அறையில உக்கார வச்சிருவாங்க. எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

அவர் மெதுவாகப் பேசி அவள் கேட்டது அன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்குவாங்களா மாட்டாங்களான்னு கேட்டாத்தானே தெரியும்? நான் கூட வர்றேன்."

பணிமனை மருத்துவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். காதில் கேட்கும் கருவி பொருத்திக்கொண்டு சோதனையில் தேறினால் ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பிக் காட்ட வேண்டும் என்றார். "ஆனா ஒண்ணு. பழைய பஸ் வேண்டாம். கருவி அந்த இன்ஜின் சத்தத்தையும் சேர்த்துப் பெருசாக்கும். உங்களாலயும் தாங்க முடியாது, மிச்சம் இருக்கிற காதும் போயிடும்."

மிச்சம் இருந்தது மின்சாரப் பேருந்து. அதை ஓட்டச் சொன்னபோது ஏற்கெனவே இரண்டு முறை வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். பணிமனை மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஹாரன் வர்றாரா? வரச் சொல்லுங்க, இங்க ஆள் பத்தலை" என்றார்.

கேட்கும் கருவி வந்த வாரம் வீட்டில் ஒரே களேபரம். தன் சட்டை உரசுகிற சத்தத்துக்கே திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டி தட்டில் பட்டால் காதைப் பொத்தினார். "நம்ம ஃப்ரிட்ஜ் நாள் பூரா இப்படித்தான் முனகிட்டு இருந்துச்சா?" என்று மகளிடம் கேட்டார். காலையில் பால்கனியில் ஏதோ குருவி கத்துவதைக் கேட்டு, பல் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றார். கருவியைத் தினமும் அதன் சின்னப் பெட்டியில் வைத்துச் சார்ஜ் போட வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டு, மத்தியானத்தில் அது அணைந்துபோனது.

"வழியில சார்ஜ் போச்சாப்பா?" என்றாள் மகள். "ஒரு டம்ளர் கரண்ட் வாங்கிட்டு வரட்டுமா?"

"வாய மூடுடி" என்றார். ஆனால் சிரித்துவிட்டார். வேறொரு மாற்றத்தை அவர் கவனிக்கவில்லை. அவர் குரல் தானாகவே தணிந்துவிட்டது. பணிமனையில் இரண்டு பேர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கருவியோடு செய்த சோதனையில் தேறினார். பிறகு மின்சாரப் பேருந்தில் பத்து நாள் பயிற்சி. முதல் நாள் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் பேருந்து தானாகவே வேகம் குறைய, ஏறியிருந்த சக ஓட்டுநர்கள் எல்லாரும் ஒருசேர முன்னால் சாய்ந்து வணக்கம் போட்டார்கள். காலை எப்படி மெதுவாக எடுப்பது என்று பழகவே நான்கு நாள் ஆயிற்று. வீட்டுக்கு வந்து அவர் சொல்லும் குறைகளுக்கும் பஞ்சமில்லை. சத்தம் இல்லாததால் போனைப் பார்த்துக்கொண்டே ஜனங்கள் குறுக்கே வந்து விழுகிறார்கள். நான்காவது நடை முடிந்ததும் சார்ஜுக்காக ஐம்பது நிமிடம் சும்மா நிற்க வேண்டும். வெயில் கொளுத்தினால் குளிர்சாதனம் பேட்டரியைத் தின்று, ஒரு நடையே குறைந்துவிடுகிறது. சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் நின்றால் இறங்காமல் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் அவரே, "ஆனா இன்ஜின் சூட்டுல முழங்கால் வேகலம்மா. இடுப்பு வலி எங்க போச்சுன்னே தெரியல. கியர் மாத்தி மாத்தி இந்தத் தோள்ல ஒரு வலி இருக்கும்ல, அதுவும் காணோம்" என்பார். அந்த ஐம்பது நிமிடத்தில் குறுக்கெழுத்துப் போடப் பழகிக்கொண்டார். விடை தெரியாத கட்டங்களுக்கு மகளுக்குப் போன் செய்வார். இப்போது போனில் "என்ன? என்ன?" இல்லை.

அதுவரை தள்ளிப்போட்டிருந்த பம்பர் வேலைக்காகக் கார் சர்வீஸ் நிலையத்தில் இருந்த ஒரு மத்தியானம், காதுக்காரம்மா நோயாளி வீட்டிலிருந்து திரும்பப் பேருந்துக்கு நின்றாள். வந்தது அவர் ஓட்டும் பேருந்து. தானும் டிக்கெட் எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியில் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். அவ்வளவுதான். வேலை நேரத்தில் அவர் அப்படித்தான்.

பேருந்துக்குள் ஜனங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை. பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "இந்த டிரைவர் அங்கிள் ஓட்டினா நின்னுட்டே நெயில் பாலிஷ் போடலாம்டி" என்றாள். ஓட்டுநர் இருக்கையில் அவர் முதுகு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு நிறுத்தம் தாண்டி, ஒரு பெண் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். குழந்தை அயர்ந்து தூங்கியது. எழுந்துவிடுமோ என்று பயந்து, மணியைக் கூட அமுக்காமல், அவள் கம்பியைப் பிடித்தபடி கிசுகிசுத்தாள்.

"அண்ணா, அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்."

"சரிம்மா" என்றார் அவர், அவளைவிட மெதுவாக.

காலை மிதியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பேருந்து வழுக்கிக்கொண்டு போய், நடைபாதை விளிம்பை உரசாமல் ஒரு சாண் தள்ளி நின்றது. எதிரிலிருந்த சைக்கிளைப் போகவிட்டுக் கதவைத் திறந்தார். அந்தப் பெண் ஒரு படி, இரண்டு படி என்று பார்த்துப் பார்த்து இறங்கினாள். குழந்தை கண் திறக்கவில்லை. அவள் நடைபாதைக்குப் போய்ச் சேரும்வரை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்திக் கிளப்பினார்.

அதற்குப் பிறகுதான் காதுக்காரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய் வெகுநேரமாகியிருந்தது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிக்கொள்ளலாம் என்று, கண்டக்டரைக் கூப்பிட்டு இன்னொரு டிக்கெட் கேட்டாள்.